முட்டை ஓட்டுச் செய்வினை

என் அத்தை என்னைத் தீர்த்துக்கட்டுவதற்காகத்தான் முட்டை ஓடு சேர்க்கிறாள் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, முழுதாகப் பதினொரு நாள். இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது, சர்க்கரை இருக்கிறது, முன்மண்டை காலி. யாருடைய செய்வினையும் இல்லாமலே பாதி ஆள் தீர்ந்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

போன வாரம் என் மகள் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, "அப்பா, முட்டை ஓட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கழுவி எடுத்து வைங்க" என்றாள். வீட்டில் கிடக்கிற சாமானை வைத்தே செலவில்லாமல் சுவருக்குப் படம் செய்யப் போகிறாளாம். ஆம்லெட் கரண்டியோடு அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். இந்த வயதிலுமா என்று கேட்காதீர்கள். பயம் வயது பார்த்து வருவதில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பாப்பாரப்பட்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். வீட்டில் நான், அப்பா, அம்மா. அப்பாவுக்கு ஒரே தங்கை. அவளைப் பொம்மிடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. அந்த அத்தை ஒருநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

முதல் சந்தேகம் எனக்கு அங்கேயே விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் பிறந்த வீட்டுக்கு வருகிற பெண் கையை வீசிக்கொண்டு வரமாட்டாள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பொட்டலம் காராபூந்தி, அண்ணன் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது இருக்கும். அத்தையிடம் இருந்தது ஒரு இரும்புப் பெட்டி மட்டும். அதை அப்பா தோளில் தூக்கிவந்து கூடத்தில் இறக்கினார். நான் பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "அத்த, ஒண்ணும் வாங்கியாரலயா?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் வைத்த கிள்ளு அன்று மாலை வரை எரிந்தது.

அத்தைக்குக் கேழ்வரகு மூட்டை போடுகிற பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். மழையில் ஊறி ஊறி அந்த அறைச் சுவர் தேமல் பிடித்த முதுகு மாதிரி இருக்கும். முதல் நாலு நாள் அத்தை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் அடுப்படிக்கு வந்து, "அண்ணி, நானு இவனுக்கு ஆம்லெட்டு போட்டுத் தரட்டுங்களா?" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் ஆம்லெட். எங்கள் வீட்டில் கோழி உண்டு, ஆனால் முட்டை சந்தைக்குப் போவதற்கென்றே பிறந்தது. பிள்ளை வாய்க்குப் போவதெல்லாம் காய்ச்சல் வந்தால்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன். அம்மாவுக்கு மட்டும் முகம் வாடிக்கொண்டே வந்தது. வெளி அடுப்பில் களி கிண்டும்போது அப்பாவிடம் அடங்கிய குரலில் பேசுவாள்.

"ஏங்க, எத்தன நாளிக்கி இருக்கப் போவுதாம்?"

"கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. அழுவுது."

"ஊரு என்னைய கேக்குதுங்க. தண்ணிக்குப் போனா நாலு பேரு நிறுத்தி வெச்சி கேக்கறாங்க. நானு என்னான்னு சொல்றது?"

அப்பா களியைப் பார்ப்பார். களி என்ன பதில் சொல்லும்?

பெரியவர்கள் ஒருவரைப் பற்றி அடங்கிய குரலில் பேசினால் அந்த ஆளிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது பத்து வயதில் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம். நானும் அத்தையைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். கண்காணிப்பின் முதல் நாளே பிடிபட்டது: ஆம்லெட் போட்டு முடித்த பிறகு அத்தை ஓட்டைக் குப்பையில் போடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கழுவி, உள்பக்கத்துச் சவ்வை நகத்தால் உரித்து, முந்தானையில் முடிந்துகொண்டு அறைக்குப் போனாள்.

இதை என் வகுப்புத் தோழன் மாதேஷிடம் சொன்னேன். அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், எங்களோடு தமிழ். செய்வினை விஷயத்தில் பள்ளிக்கூடத்திலேயே அவன்தான் பெரிய ஆள். அவர்கள் எருமைக்கு ஒருமுறை செய்வினை எடுத்ததைக் கிட்ட நின்று பார்த்தவன்.

"முட்ட ஓடா?" என்று நின்றுவிட்டான். "வேற என்னா சேக்குது?"

"ஒடஞ்ச வளையலு. எரிஞ்ச தீக்குச்சி. புளியங்கொட்ட."

"ஐயோ, பேடா, வேணான்டா! எங்க எருமைக்கு வெச்சப்ப முட்டயும் ஒடஞ்ச வளையலுந்தான்டா இருந்துச்சி. ஆனா ஆளுக்கு வெக்கணும்னா இன்னும் ரெண்டு வேணும். அந்த ஆளு போட்ட துணி, அந்த ஆளு காலடி மண்ணு. அது ரெண்டும் எடுக்குதான்னு பாரு. எடுக்கலன்னா பயம் இல்ல."

எடுக்காது என்று நானும் நினைத்தேன். அன்று சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால், கொடியில் கிடந்த என் நீல டவுசரைக் காணோம். பின்பக்கம் இரண்டு சன்னல் திறந்துகொண்ட பழைய டவுசர்தான், அம்மா கரித்துணிக்கு ஒதுக்கியதுதான். ஆனால் அது என் டவுசர். அத்தையிடம் கேட்டேன்.

"நாந்தான் கண்ணு எடுத்தன். உனக்கு ஆவாதில்ல அது?"

உனக்கு ஆவாதில்ல. எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் பாருங்கள்!

மறுநாள் விடிந்ததும் அடுத்தது நடந்தது. வாசலில் புளியமரத்தடியில் செம்மண் மெத்தென்று இருக்கும். முந்தின நாள் முழுக்க நான் கிளையிலிருந்து குதித்து விளையாடிய இடம். அத்தை அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் கால் பதிந்த மண்ணைக் கையால் அள்ளி, அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடைக்காக அம்மா போட்ட சத்தத்தில் ஊர் எழுந்துவிட்டது. உயிருக்காகச் சத்தம் போட வேண்டிய நான் மாதேஷைத் தேடி ஓடினேன்.

மாதேஷ் மூன்று மாற்று சொன்னான். சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி போடவேண்டும். அத்தை கையால் எதையும் தின்னக்கூடாது. நடக்கிற இடமெல்லாம் காலடியை அழித்துக்கொண்டே போகவேண்டும், அதுவும் வேப்பங்கொத்தால்.

மூன்றையும் செய்தேன். தையல் தெரிய சட்டை போட்டுக்கொண்டு, பின்னால் ஒரு வேப்பங்கொத்தை வால் மாதிரி இழுத்துக்கொண்டு, மூன்று அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கால் மணி நேர வழிக்கு முக்கால் மணி ஆனது. தினமும் பிந்திப்போய் தினமும் அடி வாங்கினேன். செய்வினையால் வருகிற அடிதான் இது என்று மாதேஷ் விளக்கினான்.

"என்னாடா வேப்பங்கொத்த இழுத்துக்கினு திரியற?" என்று அப்பா கேட்டார்.

"வெளாட்டுப்பா."

ஆம்லெட்தான் கொடுமை. மிளகுத்தூள் போட்டு, ஓரம் முறுகி, தட்டில் வந்து உட்காரும். பசிக்கவில்லை என்பேன். அத்தை முகம் சுண்டிப்போகும். அதைப் பார்த்து, திட்டம் கெட்டுவிட்டதே என்று வருந்துகிறாள் என எடுத்துக்கொள்வேன். ஒருநாள் மட்டும் தாங்கமுடியாமல் பாதியைத் தின்றுவிட்டு, பயத்தில் கொல்லைப்பக்கம் போய் விரல் விட்டு வாந்தியெடுத்தேன். அம்மா பூச்சிமருந்து வாங்கிக் கொடுத்தாள்.

நான் பயப்பட ஆரம்பித்த பத்தாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம். அத்தை அறைக்கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் போய், சன்னல் பலகையில் கணு கழன்று விழுந்த ஓட்டை வழியாகக் கண்ணை வைத்தேன். தரையில் ஒரு பெரிய அட்டை. அதன் மேல் என்னென்னவோ வெள்ளையாக, கறுப்பாக, சிவப்பாக. பக்கத்தில் கொட்டாங்குச்சி நிறைய மைதாப் பசை. அத்தை மடியில் ஒரு பொம்மை, விரல் நீளம்தான் இருக்கும். என் நீல டவுசர்த் துணி. அதன் வயிற்றில் ஊசியை இறக்கி, நூலை நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த நொடியே வயிற்றை வலித்தது. அன்று காலையில் மட்டும் ஆறு பச்சை மாங்காய் தின்றிருந்தேன் என்பதை இந்த வழக்கில் சாட்சியமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, மாமாவும் அவருடைய அக்காவும் பஸ் ஏறி வந்தார்கள், அத்தையைக் கூட்டிப்போக. அவர்கள் வாசலில் நுழைந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பாற்ற ஆள் வந்துவிட்டது. மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை ஆப்பிள். இவ்வளவு நல்ல மனிதரை விட்டுவிட்டு ஒருத்தி வந்து எங்கள் வீட்டில் என் டவுசரைத் தைத்துக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்தேன்.

கூடத்தில் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அம்மா காபி கொடுத்தாள். அத்தை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமாவின் அக்காதான் பேசினாள்.

"புருசன் பொஞ்சாதின்னா நாலு வார்த்த வரத்தான் செய்யும். அதுக்குன்னு பொட்டியத் தூக்கிக்கினு வந்துட்டா ஆச்சுங்களா? மூணு வாரமாவுது. எங்களுக்கு வெளிய தலகாட்ட முடியல."

அப்பா மாமாவைப் பார்த்தார். "என்னா நடந்துச்சின்னு நீங்களாச்சும் சொல்லுங்க மாப்ள. இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"ஒண்ணுமில்ல மச்சான். சும்மா வாய்ப் பேச்சு."

அப்பா தங்கையைப் பார்த்தார். அத்தை தலையை நிமிர்த்தவில்லை. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் காரணமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா பிடரியைச் சொறிந்துகொண்டார். எதையாவது விருப்பமில்லாமல் ஒப்புக்கொள்வதற்கு முன் அவர் செய்கிற காரியம் அது. "செரி... கஞ்சி குடிச்சிட்டுக் கெளம்பட்டும்" என்று ஆரம்பித்தார்.

இவ்வளவோடு நான் சும்மா இருந்திருந்தால் அத்தை மத்தியான பஸ்ஸில் போயிருப்பாள். என் உயிரும் பிழைத்திருக்கும். ஆனால் மாமாவின் அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு ஆப்பிளைக் கையில் வைத்து, "உங்க அத்த இங்க நாளெல்லாம் என்னாடா கண்ணு பண்ணுது?" என்று கேட்டாள். பாசமாகத்தான் கேட்டாள். பதினொரு நாளாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த எனக்கு அணை உடைந்துவிட்டது.

"எனக்குச் செய்வினை வெக்குது!"

கூடத்தில் காபி குடிக்கிற சத்தம் நின்றது. நான் நிறுத்தவில்லை. முட்டை ஓடு, வளையல், டவுசர், காலடி மண், பொம்மை, ஊசி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். வகுப்பில் ஒருநாளும் இப்படி ஒப்பித்ததில்லை.

"கேட்டுக்கினீங்களா!" மாமாவின் அக்கா எழுந்தே விட்டாள். "எங்க கறவ மாடு செத்தப்பவே நானு சொன்னன். தம்பிதான் நம்பல. இப்ப சொந்த அண்ணன் மவனுக்கே வெக்கிறா. இது வெளிய தெரிஞ்சா இந்த ஊருல யாரு இவள அண்ட வுடுவாங்க? நாங்களா இருக்கறதால கூட்டிக்கினு போறம். பொட்டிய எடுக்கச் சொல்லுங்க மொதல்ல."

வாசலில் நின்ற இரண்டு பேர் நான்கு பேராகியிருந்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட பெண்ணுக்கு எங்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்தக்கூட இடம் இருக்காது. அண்ணனே ஆனாலும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. இது எனக்கு அப்போது தெரியாது. நான் ஆப்பிளைக் கடித்தேன்.

அப்பா தங்கையைப் பார்த்து, "என்னா அது? எடுத்துக்கினு வா" என்றார்.

அத்தை அறைக்குள் போய், பழைய புடவை சுற்றிய அந்த அட்டையைக் கொண்டுவந்தாள். புடவையை உருவி, எல்லோருக்கும் தெரியட்டும் என்று இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

ஒகேனக்கல். முட்டை ஓட்டைப் பொடிப்பொடியாக நொறுக்கி ஒட்டிய வெள்ளையில் அருவி கொட்டியது. டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்த ஓடும் புளியங்கொட்டையும் பாறை. சலித்த செம்மண் கரை. பச்சை வளையல் துண்டுகள் கரையில் மரமாக நின்றன. எரிந்த தீக்குச்சிகளை வட்டமாக அடுக்கி ஒரு பரிசல். பரிசலின் ஓரத்தில், நீல டவுசரோடு, ஒரு பையன். சுற்றிலும் விளக்குமாற்றுக் குச்சியில் சட்டம்.

"இது நீதான்டா" என்றாள் அத்தை. அந்த நிலையிலும் கிண்டலை விடவில்லை. "ஆடி பதினெட்டுக்குப் போனப்ப பரிசல்ல ஏற மாட்டன்னு ஊரே பாக்க அழுதியே. படத்துலயாச்சும் ஏறட்டும்னு வெச்சன்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "இதானா செய்வின? பொழுது போவாதவ வேல." அவர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எச்ச முட்ட ஓட்டயெல்லாம் எங்க வூட்டுக்குக் கொண்டாரக் கூடாது, சொல்லிட்டன்" என்றாள்.

"அங்க கொண்டார மாட்டங்க. இது இங்க மாட்டறதுக்கு."

"இங்கயா? பொறந்த வூட்டு சுவுத்துல உனக்கு என்னாடி பாத்தியம்? விருந்தாளியா வந்தவ எங்கனா ஆணி அடிப்பாளா?"

அத்தை தூக்கிய கையை இறக்கவில்லை. அவள் போட்டிருந்தது முழங்கை தாண்டிய ரவிக்கை. கை உயர்ந்ததில் அது மேலே ஏறியிருந்தது. கையின் உட்பக்கம் வரிசையாகக் கறுப்புத் தழும்புகள், ஒன்று இன்னும் ஆறாமல் சிவப்பாக. மைதாப் பசையைக் கொதிக்கக் கொதிக்க எடுத்திருப்பாள், சுட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவும் பார்த்தாள். மறுபடி ஊற்றிய காபித் தம்ளரை மாமாவுக்கு நீட்டப் போனவள், நீட்டாமல் தரையில் வைத்துவிட்டாள்.

அப்பா வெளியே போனார். ஏர் வைக்கிற கொட்டகையில் எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் சுத்தியலும் ஒரு நீள ஆணியும் இருந்தன. நேராக மாமாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"மாப்ள, கொஞ்சம் எந்திரிங்க."

"என்னா மச்சான்?"

"எந்திரிங்க. ஆணி அடிக்கணும்."

மாமா எழுந்தார். அப்பா அதே நாற்காலியில் ஏறி, மாமாவின் தலை இருந்த இடத்துக்கு மேலே ஆணியை வைத்து அடித்தார். காரை பெயர்ந்து மாமாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. நாலு அடி போதும். அவர் பத்து அடி அடித்தார். அத்தை கையிலிருந்து படத்தை வாங்கி மாட்டினார்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏங்க, கோணலா இருக்குதுங்க. எடது பக்கம் ஒரு விரக்கட தூக்குங்க."

மாமாவின் அக்கா என்னென்னவோ சொன்னாள். பஞ்சாயத்து கூட்டுவோம் என்றாள். அப்பா நாற்காலியை விட்டு இறங்கவில்லை, படத்தை நேராக்கிக்கொண்டே இருந்தார். அவர்கள் போகும்போது ஆப்பிள் பையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் கடித்ததை மட்டும் விட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை மாதேஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பங்கொத்துதான் காப்பாற்றியது என்றான். அத்தைக்கும் மாமாவுக்கும் ஏதோ படத்தை எங்கே மாட்டுவது என்பதில் சண்டை, அதில் அப்பா அத்தை பக்கம் சேர்ந்துகொண்டார் என்று நான் புரிந்துகொண்டேன். பல வருடம் அப்படியே வைத்திருந்தேன். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம், பெண்ணிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றி ஒருநாள் அம்மா என்னை உட்கார வைத்துப் பேசினாள். அப்போதுதான் சொன்னாள்.

மாமா தோசைக் கரண்டியைக் காய்ச்சி அத்தைக்குச் சூடு வைப்பார். வலது கையில் நான்கு, இடது கையில் மூன்று. வெளியே சொன்னால் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க முடியாதபடி செய்துவிடுவேன் என்று சொல்லிவைத்திருந்தார். அத்தை சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அப்பா பார்த்தார். அத்தை திரும்பிப் போகவில்லை.